பாசிவ் வாய்ஸ், வேர்ட் ஃபார்மேஷன்: இவ்வளவு பயிற்சி செய்தும் ஏன் வரவில்லை?

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளர்க்காக, அதாவது சரக்கை எண்ணிக் குறிப்பவராக இருக்கிறீர்கள், தமிழ் வழியில் படித்தவர், வேலைக்குப் போய்க்கொண்டே மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுக்குத் தயாராகிறீர்கள். பாசிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை) அட்டவணை மனப்பாடம், வேர்ட் ஃபார்மேஷன் (ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லை உண்டாக்குவது) பட்டியலையும் பல தடவை எழுதிப் பார்த்தாயிற்று, ஆனாலும் புதிதாக ஒரு வாக்கியம் வந்தால் கை நின்றுவிடுகிறது. ஆயிரம் பயிற்சிகள் உள்ள ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது புத்தகத்தை. ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி, இத்தனை பயிற்சி செய்தும் ஏன் வரவில்லை என்பதுதான். அதற்கே பதில் சொல்கிறேன், புத்தகத்துக்குக் கடைசியில் வருகிறேன். தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பில் பல வருடங்களாக இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல வேலை முடிந்து வருபவர்கள். நான் சொல்வது அவர்களிடம் பார்த்ததை வைத்துத்தான். வீட்டிலேயே இங்கிலீஷ் புழங்கும் பிள்ளைகளுக்கு இதே வழி சரிப்படும் என்று சொல்ல மாட்டேன்.

அட்டவணையில் தப்பு எதுவும் இல்லை. 'பி' வெர்ப் (இஸ், வாஸ், பீன் போன்றவை), அதன் பின்னால் வி-த்ரீ, அதாவது 'ஈட்டன்', 'ப்ரோக்கன்' மாதிரி வினையின் மூன்றாவது வடிவம். காலத்தைக் காட்டுகிற பொறுப்பு முழுக்க வி-த்ரீக்கு முன்னால் இருப்பதன் மேல். இதை உறுதியாக நம்பலாம். சிக்கல் பயிற்சியில் இருக்கிறது. எல்லா கைடும் ஒரு ஆக்டிவ் வாக்கியத்தைக் கொடுத்து அதைத் திருப்பிப் போடச் சொல்கிறது. 'ராமு ஈட்ஸ் எ மேங்கோ' என்பது 'எ மேங்கோ இஸ் ஈட்டன் பை ராமு' ஆகிறது. இங்கிலீஷ் பேசுகிறவர் யாரும் மனதுக்குள் ஒரு ஆக்டிவ் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதைத் திருப்பிப் பேசுவதில்லை. எதைப் பற்றிப் பேச்சோ அதை முன்னால் வைக்கிறார்கள். செய்தவர் யாரென்று தெரியாது, அல்லது தேவையில்லை, அல்லது சொல்ல இஷ்டமில்லை. அப்போது பாசிவ் தானாக வருகிறது. எப்போது பாசிவ் வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் முக்கியமான திறமை, திருப்பிப் போடும் பயிற்சியோ அந்த முடிவை உங்களுக்காக முன்னாலேயே எடுத்துவிடுகிறது. ஆயிரம் வாக்கியம் திருப்பினாலும் அந்தத் திறமை வளராது.

இத்தனைக்கும் அதே முடிவைத் தமிழில் நாம் நாள் முழுக்க எடுத்துக்கொண்டிருக்கிறோம். 'எழுதப்பட்டது', 'மூடப்பட்டது' என்ற செயப்பாட்டு வினை எழுத்தில் உண்டு. தெருப் பேச்சில் அதைக் கேட்பது அபூர்வம். பேச்சில் அந்த இடத்துக்கு 'ஆங்க' வந்துவிடும். 'ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டாங்க.' 'கரண்டை நிறுத்திட்டாங்க.' 'நாளைக்கு வரச் சொன்னாங்க.' 'எண்ணூர் ரோட்டுல லாரியை நிறுத்தி வெச்சுட்டாங்க.' யார் தோண்டியது, எந்த இலாகா? சொல்கிறவருக்கும் தெரியாது, கேட்கிறவரும் அதைக் கேட்பதில்லை. அந்த 'ஆங்க'வுக்குள் குறிப்பிட்ட ஆள் கிடையாது. இங்கிலீஷில் அந்த வேலையைப் பார்ப்பது பாசிவ். 'தி ரோடு ஹாஸ் பீன் டக் அப்.' 'தி பவர் ஹாஸ் பீன் கட்.' 'ஐ வாஸ் டோல்ட் டு கம் டுமாரோ.' பேச்சு இங்கிலீஷில் 'தே' போட்டும் இப்படிச் சொல்வார்கள், அது தப்பில்லை. ஆனால் மெயில், ரிப்போர்ட், புகார்க் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் 'யார் அந்த தே' என்ற கேள்வி வந்துவிடும், பாசிவ்தான் கைகொடுக்கும். என் வகுப்பில் முதல் வாரம் அட்டவணையே கிடையாது. அவரவர் தெருவில், வேலையில் நடந்ததை 'ஆங்க' போட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். அப்புறம் அதில் எது எதில் உண்மையாகவே ஆள் தெரியும், எதில் தெரியாது என்று பிரிப்போம். ஆள் இல்லாதவை மட்டும் பாசிவுக்குப் போகும்.

இதில் 'ஐ வாஸ் டோல்ட் டு கம் டுமாரோ' என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 'வரச் சொன்னாங்க' என்பதில் நாம் 'எனக்கு', 'என்னை' என்று நினைப்பதால் இங்கிலீஷில் அந்த இடத்தில் 'ஐ' வரும் என்று மனசு ஏற்பதில்லை. ஆனால் இங்கிலீஷில் வரும். 'ஐ வாஸ் கிவன் எ ஃபார்ம்', 'வீ வேர் ஆஸ்க்ட் டு வெயிட்', 'ஹீ வாஸ் பெய்ட் இன் கேஷ்'. ஒரு அலுவலகத்தில் உங்களுக்கு நடந்ததைச் சொல்ல இந்த வகைதான் அதிகம் உதவும். அட்டவணையில் இதற்குக் கடைசியில் ஒரு வரிதான் இடம். நான் இதை முதலிலேயே வைப்பேன்.

பாசிவைக் காதால் பிடிக்க வேண்டுமானால் சென்ட்ரலிலோ பெரம்பூரிலோ வண்டி தாமதமாகும்போது வரும் அறிவிப்பைக் கேளுங்கள். தமிழில் 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்று முடியும். அதே செய்தி இங்கிலீஷில் 'தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்று வரும். தமிழில் வருந்துவதற்கு 'நாங்கள்' என்று ஒருவர் இருக்கிறார். இங்கிலீஷில் சிரமத்தை உண்டாக்கியவரும் இல்லை, வருந்துகிறவரும் இல்லை. 'காஸ்ட்' ஒரு வி-த்ரீ, 'ரிக்ரெட்டட்' இன்னொரு வி-த்ரீ; ஒன்று நவுனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அதை விளக்குகிறது, மற்றது வாக்கியத்தின் வினை. அந்த ஒரு வரியில் 'இன்கன்வீனியன்ஸ்', 'டீப்லி' என்று வேர்ட் ஃபார்மேஷனும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

'பை' பற்றி ஒரு விஷயம் உறுதியாகச் சொல்லலாம். உண்மையான இங்கிலீஷ் எழுத்தில் பெரும்பாலான பாசிவ் வாக்கியங்களில் 'பை' வருவதே இல்லை. 'ராயபுரம் ஸ்டேஷன் வாஸ் ஓப்பன்ட் இன் 1856.' முடிந்தது, யார் திறந்தார் என்பது இங்கே வேண்டாம். செய்தவர்தான் செய்தி என்றால் மட்டும் 'பை' வரும். 'ட்ரெயின் 18 வாஸ் பில்ட் பை ஐசிஎஃப் இன் 2018' என்று சொல்லும்போது (ட்ரெயின் 18 என்பது முதல் வந்தே பாரத் வண்டி, ஐசிஎஃப் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை), பெரம்பூர்க்காரருக்கு அந்த 'பை ஐசிஎஃப்'தான் வாக்கியமே. அதை எடுத்துவிட்டால் சொல்ல வந்தது போய்விடும். இன்னொன்று, எங்கெல்லாம் பாசிவ் அதிகம் என்பதும் எண்ணிப் பார்க்கப்பட்ட விஷயம். 1999-ல் வந்த லாங்மன் நிறுவனத்தின் பெரிய இலக்கண நூல், கல்விசார் எழுத்தில் வினைகளில் சுமார் 25 சதவீதமும், சாதாரண உரையாடலில் சுமார் 2 சதவீதமும் பாசிவ் என்று சொல்கிறது. ஆகவே ஸ்போக்கன் இங்கிலீஷுக்காகப் பாசிவைப் போட்டு உருட்ட வேண்டியதில்லை. படிக்கவும், ரிப்போர்ட் எழுதவும், தேர்வுக்கும் வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் விழுகிற பள்ளம் 'வாஸ் ஹேப்பண்ட்'. 'ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் நியர் டோல்கேட்' என்று எழுதுவார்கள். விபத்து தானாக எதையும் செய்யவில்லை, ஆகவே பாசிவ் வேண்டும் என்று தோன்றுவதுதான் காரணம். ஆனால் 'ஹேப்பன்' என்ற வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது. 'எதை' என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. பதில் வராத வினை பாசிவ் ஆகாது. ஹேப்பன், அக்கர், அரைவ், டை, டிஸப்பியர், கம், கோ எல்லாம் இந்த ரகம். தமிழிலேயே நமக்கு இந்தச் சோதனை இருக்கிறது: உடைந்தது, உடைத்தது, கவிழ்ந்தது, கவிழ்த்தது. உடைந்தது என்றால் எதையும் கேட்க முடியாது, உடைத்தது என்றால் எதை என்று கேட்கலாம். இங்கிலீஷில் 'பிரேக்' போன்ற சில வினைகள் இரண்டு வேலையும் செய்யும். 'தி சீல் ப்ரோக்' என்றால் தானாக உடைந்தது, 'தி சீல் வாஸ் ப்ரோக்கன்' என்றால் யாரோ உடைத்தார்கள் என்ற வாடை வரும், அல்லது பார்த்தபோது உடைந்த நிலையில் இருந்தது என்றும் பொருள்படும். உங்கள் யார்டில் இந்த வித்தியாசம் ஒரு இழப்பீட்டு க்ளெயிமையே மாற்றிவிடும், ஆகவே நிதானமாக எழுதுங்கள். 'ஹேவ்', 'லேக்', 'ரிசம்பிள்' போன்ற சிலவற்றுக்குப் பின்னால் எதை என்ற கேள்விக்குப் பதில் வரும், ஆனாலும் பாசிவ் ஆகாது. இவை கொஞ்சம்தான், பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியோடு சேர்கிறது. வேர்ட் ஃபார்மேஷனைத் தனிப் பாடமாக, 'டிசைட், டிசிஷன், டிசைசிவ்' என்று நெடுக்காக ஒப்பிக்கிறோம். ஆனால் அதில் பெரிய பகுதி பாசிவின் தொடர்ச்சி. நீங்கள் தினமும் கையில் வைத்திருக்கும் பேப்பரையே பாருங்கள். 'கன்சைன்' என்பது வினை. சரக்கை அனுப்புகிறவர் 'கன்சைனர்'. சரக்கு யாருக்கு அனுப்பப்படுகிறதோ அவர் 'கன்சைனி'. அனுப்பப்படும் சரக்கு 'கன்சைன்மென்ட்'. அந்த 'ஈ' என்ற விகுதிக்குள் ஒரு பாசிவ் உட்கார்ந்திருக்கிறது. 'எம்ப்ளாயர்' வேலை கொடுப்பவர், 'எம்ப்ளாயி' வேலைக்கு அமர்த்தப்பட்டவர். எப்போதும் அப்படியா என்றால் இல்லை. 'அப்சென்டி' வராதவர், 'எஸ்கேபி' தப்பித்தவர், இவர்களுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை. 'ஏபிள்' விகுதியும் இதே கதை. 'ரிஃபண்டபிள்' என்றால் திருப்பித் தரப்படக்கூடியது, 'பேயபிள்' என்றால் செலுத்தப்பட வேண்டியது, 'ஸ்டாக்கபிள்' என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படக்கூடியது. எல்லாமே 'கேன் பி' அல்லது 'மஸ்ட் பி' போட்ட பாசிவ் வாக்கியத்தின் சுருக்கம். உங்கள் யார்டிலேயே இதற்கு விலக்கும் இருக்கிறது: 'பெரிஷபிள்', அதாவது தானாகக் கெட்டுப்போகக்கூடியது. அப்புறம் வி-த்ரீக்கு முன்னால் 'அன்' வரும் ரகம்: அன்ரிசர்வ்ட் பெட்டி, அன்கிளெய்ம்ட் கார்கோ, அன்டெலிவர்ட் பார்சல். இன்னும் ஒரு படி போனால் வினையே நவுனாகிவிடும். 'தே டிசைடட்', 'இட் வாஸ் டிசைடட்', 'தி டிசிஷன்'. முதலாவதில் ஆள் இருக்கிறார், இரண்டாவதில் மறைந்துவிட்டார், மூன்றாவதில் செயலே ஒரு பொருளாகிவிட்டது. அரசாங்க இங்கிலீஷ் ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த மூன்று படிகளைத்தான்.

விகுதிகளில் எதை விதியாக நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துக்கொண்டால் மனப்பாடச் சுமை நன்றாகக் குறையும். சில சங்கிலிகள் பெரும்பாலும் நிற்கும். 'ஐஸ்' என்று முடியும் வினை 'ஐசேஷன்' ஆகும், 'இஃபை' என்று முடிந்தால் 'இஃபிகேஷன்' ஆகும், 'ஏபிள்' என்று முடியும் அட்ஜெக்டிவ் 'அபிலிட்டி' ஆகும். உங்கள் தொழிலின் பெயரே ஒரு சங்கிலி: கன்டெய்ன், கன்டெய்னர், கன்டெய்னரைஸ், கன்டெய்னரைசேஷன். முதலில் வினை, அப்புறம் நவுன், திரும்ப வினை, திரும்ப நவுன். 'டிசைட்', 'டிவைட்', 'எக்ஸ்ப்ளோட்', 'கன்க்ளூட்' மாதிரி முடிபவை பெரும்பாலும் 'ஷன்' வகைக்குப் போகும், ஆனால் 'கைட்' என்பது 'கைடன்ஸ்' ஆகிவிடும். இதைப் பாதி விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மென்ட்', 'அல்', 'அன்ஸ்' இவற்றில் எது எந்த வினையோடு சேரும் என்பதற்கு நம்பகமான விதி கிடையாது. 'அரைவ்' என்பது 'அரைவல்', 'ரிசீவ்' என்பது 'ரிசீட்' என்றும் 'ரிசெப்ஷன்' என்றும் இரண்டாகப் பிரியும், இரண்டுக்கும் பொருள் வேறு. இதற்கு அகராதிதான் வழி.

எதிர்ச்சொல் முன்னொட்டுகளிலும் இதே நிலைதான். 'இன்' என்பது 'பி', 'எம்' எழுத்துகளுக்கு முன்னால் 'இம்' ஆகும், 'எல்' முன்னால் 'இல்', 'ஆர்' முன்னால் 'இர்': இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர். ஆனால் எந்தச் சொல் 'இன்' பக்கம் போகும், எது 'அன்' பக்கம் போகும் என்பதை எழுத்து முடிவு செய்வதில்லை. 'அன்ப்ளெசன்ட்', 'அன்ரிலையபிள்' எல்லாம் இருக்கின்றன. அதைவிட வேடிக்கை, ஒரே குடும்பத்துக்குள்ளேயே மாறும். 'அன்ஏபிள்' ஆனால் 'இன்அபிலிட்டி', 'அன்ஸ்டேபிள்' ஆனால் 'இன்ஸ்டபிலிட்டி', 'அன்ஜஸ்ட்' ஆனால் 'இன்ஜஸ்டிஸ்'. தேர்வு வைப்பவர்களுக்கு இந்த ஜோடிகள் ரொம்பப் பிடிக்கும். தனியாக எழுதி வையுங்கள்.

சரி, எப்படிப் பயிற்சி செய்வது? உங்களிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது, தினமும் ஒரே ஒழுங்கில் நடக்கும் ஒரு வேலை. கன்டெய்னர் வந்ததிலிருந்து சரக்கு வெளியே போகும் வரை நடப்பதை எட்டு வாக்கியத்தில் எழுதுங்கள். வண்டி வருகிறது, இது 'அரைவ்', பாசிவ் ஆகாது. சீல் சரிபார்க்கப்படுகிறது: 'தி சீல் இஸ் செக்ட்'. பெட்டி திறக்கப்படுகிறது, சரக்கு இறக்கப்படுகிறது, எண்ணப்படுகிறது. ஒரு அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தால் 'ஒன் கார்ட்டன் வாஸ் ஃபவுண்ட் டேமேஜ்ட்' என்று நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு வி-த்ரீ உள்ள வாக்கியம் அது, நீங்கள் தெரியாமலே சரியாக எழுதுவது. எழுதி முடித்ததும் அதையே நேற்று நடந்ததாக, அப்புறம் நாளை நடக்கப்போவதாக, அப்புறம் இந்த நிமிடம் நடந்துகொண்டிருப்பதாக மாற்றுங்கள். 'இஸ் அன்லோடட்', 'வாஸ் அன்லோடட்', 'வில் பி அன்லோடட்', 'இஸ் பீயிங் அன்லோடட்'. அட்டவணை முழுவதும் உங்கள் கையிலேயே வந்துவிடும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிற குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி இதையே மீனை வைத்து எழுதினாள்: படகு வருகிறது, மீன் இறக்கப்படுகிறது, தரம் பிரிக்கப்படுகிறது, ஏலம் விடப்படுகிறது, ஐஸில் அடுக்கப்படுகிறது. 'ஆக்‌ஷன்' என்ற ஏலச் சொல் நவுனாகவும் வினையாகவும் வரும் என்பதை அவள் பட்டியலில் படிக்கவில்லை, தேவைப்பட்டபோது தேடி எடுத்தாள்.

அதே எட்டு வாக்கியத்தில் வேர்ட் ஃபார்மேஷனும் செய்யலாம். ஒரு வாக்கியத்தில் வினையை எடுத்து நவுனாக்குங்கள், மொத்த வாக்கியமும் இடம் மாறும். 'தி கார்கோ வாஸ் டெலிவர்ட் லேட்' என்பது 'தி டெலிவரி ஆஃப் தி கார்கோ வாஸ் டிலேய்ட்' ஆகும். உங்கள் யார்டில் கன்டெய்னரில் சரக்கை ஏற்றுவதை 'ஸ்டஃபிங்', இறக்குவதை 'டீஸ்டஃபிங்' என்பீர்களே, அந்த 'டீ' எதைச் செய்கிறது என்று பார்த்துவிட்டு அதே வேலையைச் செய்யும் இன்னும் நாலு சொல்லைத் தேடுங்கள். கோடிட்ட இடம் வந்தால் சொல்லைப் பார்க்காமல் இடத்தைப் பாருங்கள். 'தி'க்கும் 'ஆஃப்'க்கும் நடுவில் நவுன்தான் வரும். நவுனுக்கு முன்னால் அட்ஜெக்டிவ். 'வாஸ்'க்கும் வி-த்ரீக்கும் நடுவில் பெரும்பாலும் அட்வெர்ப். இடம் தெரிந்த பிறகு, பொருள் எதிர்மறையா, பன்மையா என்று கேளுங்கள். சரியான வகையைப் பிடித்துவிட்டு 'அன்' போட மறந்து மதிப்பெண் விடுகிறவர்கள் நிறையப் பேர். உச்சரிப்பையும் சேர்த்துப் படியுங்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் இருக்கும் அழுத்தம் 'ஃபோட்டோகிராஃபி'யில் இரண்டாவதுக்கும் 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாவதுக்கும் நகரும்.

தேர்வு வேறு, மொழி வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஷட் தி டோர்' என்பதை 'லெட் தி டோர் பி ஷட்' என்று மாற்றுவதை எந்த வீட்டிலும் எந்த ஆபீஸிலும் கேட்க மாட்டீர்கள், ஆனால் தேர்வில் வரும், படித்துத்தான் ஆக வேண்டும். பிளஸ் டூ தகுதிக்கான எஸ்எஸ்சி சிஎச்எஸ்எல் தேர்வின் முதல் கட்டத்தில் இங்கிலீஷ் பகுதி 25 கேள்வி, 50 மதிப்பெண், ஒரு தப்புக்கு அரை மதிப்பெண் குறையும். ஆனாலும் அந்த வருட அறிவிக்கையை ஒரு தடவை படித்துவிடுங்கள், முறை மாறுவதுண்டு. நாலு விடைகளில் தப்பானவை பெரும்பாலும் காலத்தை மாற்றி வைத்திருக்கும். ஆகவே கேள்வியில் உள்ள வினையின் காலத்தை முதலில் குறித்துக்கொண்டு, விடைகளில் 'பி' வெர்பை மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு அங்கேயே கழிந்துவிடும். வேர்ட் ஃபார்மேஷன் அங்கே அந்தப் பெயரில் வராது. பிழை கண்டுபிடித்தல், கோடிட்ட இடம், பத்தியை நிரப்புதல் இவற்றுக்குள் ஒளிந்து வரும். பின்னால் கேம்பிரிட்ஜ் பி2 தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், அதில் மூலச்சொல்லைக் கொடுத்து எட்டு இடங்களை நிரப்பச் சொல்லும் தனிப் பகுதியே உண்டு. அதன் மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்களுக்கு நல்ல பயிற்சி.

புத்தகம் என்றால், ஆயிரம் பயிற்சிப் புத்தகத்தை விட ஒரு நல்ல லேர்னர்ஸ் டிக்‌ஷனரி முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் இணையத்தில் இலவசம். போனில் டேட்டா போட யோசனையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகம் போய் உட்காருங்கள், அகராதி, இலக்கணம் இரண்டும் அங்கே இருக்கும். எவ்வளவு நாளில் வரும் என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு நாள் குறித்துச் சொல்வது சரியாக இருக்காது, ஆளுக்கு ஆள் மாறுவதைத்தான் பார்க்கிறேன். அந்த எட்டு வாக்கியத்தை எழுதி இங்கேயே போடுங்கள் தம்பி. இந்த வாரத்துக்குள் பார்த்து, எந்த இடத்தில் எது சரியில்லை என்று வரிவரியாகச் சொல்கிறேன்.